சனிக்கிழமை குறைக்கும் மருந்து

பேராதனை
22.01.2025

அன்புள்ள வடிவக்காவுக்கு,

பதினொரு தடவை உங்களுக்குக் கோல் எடுத்துவிட்டேன். அத்தான் மட்டும் ஒரு தடவை ஃபோனைத் தூக்கி, "அக்கா தூங்குறாம்மா" என்றார். காலை பத்து மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். முத்திரை எங்கே விற்கிறார்கள் என்று கேட்டதற்கு என் ஹொஸ்டல் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கெப்சூல்களை எடுத்து நம் லயத்து வாசலில் ஓடும் சாக்கடைக் கானில் கொட்டியது தப்பு. அடுத்த இரண்டு நாளும் நீங்கள் நடுங்கியதையும், மூக்கு ஒழுகி வயிறு போனதையும், கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் புரண்டதையும் பார்த்துவிட்டு, பயந்து பஸ் ஏறி ஓடி வந்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் தேயிலை மலையில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் அந்த வலிமருந்தைத் தந்தது இரண்டு வாரத்துக்கு. இன்றைக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு ஆறு கெப்சூல் போடுகிறீர்கள். அது அபின் இனத்து மருந்து, அக்கா. மருந்து படிக்கிற நான் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

பயத்தில்தான் கத்தினேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தங்கை
பிரேமினி


கொட்டகலை
03.02.2025

பிரேமினிக்கு,

கடிதம் கிடைத்தது. தோட்டத்து ஒபிசுக்கு வருகிற கடிதங்களைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கெம்பஸ் போனதும் அதெல்லாம் உனக்கு மறந்துவிட்டது. கணக்குப்பிள்ளை, "சண்முகவடிவு! கெம்பஸ்ல இருந்து லெட்டர்!" என்று கத்தினார். எண்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்னடி, தங்கச்சிக்குக் கல்யாணமா?" என்று என் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிற லெட்சுமி கேட்டாள். ஆமாம், மாப்பிள்ளை கானுக்குள் கிடக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது.

உன் மன்னிப்பில் "ஆனால்" வந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன். கத்தினேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொல்லிக் கத்தினாய் என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "நீங்க ஒரு போதைக்காரி" என்றாய். வினோதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பத்து வயசுப் பிள்ளை. நீ போன பிறகு, "போதைன்னா என்னம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீயே எழுது.

ஆறு கெப்சூல் போடுவது ஆசைக்கு இல்லை. விடியற்காலை இரண்டு போட்டால்தான் முதுகு குனியும். மத்தியானம் இரண்டு. மலையால் இறங்கி வந்து அடுப்படியில் நிற்க இரண்டு. போடாவிட்டால் கொழுந்து நிறை குறையும், அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். கங்காணி எல்லாருக்கும் முன்னால் ஏசுவார். இதற்கு உன் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒருத்தியின் மருந்தைப் பிடுங்கிக் கானில் போடு என்றா?

இனிமேல் ஒபிசுக்கு எழுதாதே. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் பஸாரில் ரிஸ்வி நானாவின் பாமசி முகவரிக்கு எழுது. எப்படியும் மருந்து வாங்க நான் அங்கே போகிறவள்தானே.

வடிவு


பேராதனை
12.02.2025

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை "ஆனால்" இல்லை. நான் சொன்ன வார்த்தை மிகவும் கேவலமான வார்த்தை. வினோதாவிடம், சித்தி பொய் சொல்லிவிட்டாள், அம்மாவுக்கு வலி, அதற்கு மருந்து போடுகிறார் என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை.

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் எங்களுக்கு ஒரு புதுப் பாடம் தொடங்கியது. வலிமருந்தை நீண்ட நாளாகப் போடுகிறவர்கள் அதைக் குறைக்க எப்படி உதவுவது என்பதுதான் பாடம். தனுஜா மேடம் எடுக்கிறார். முதல் நாளே எங்களை இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் பாமசிக்காரர், மற்றவர் நோயாளி, பேசிப் பாருங்கள் என்றார். எனக்கு நோயாளியாக வந்தவன் மதுரன். உங்களிடம் பேசிய மாதிரியேதான் அவனிடமும் பேசினேன். மேடம் அவனிடம், "இவங்ககிட்ட திரும்ப வருவீங்களா?" என்று கேட்டார். "மாட்டேன் மேடம், வேற கடைக்குப் போவேன்" என்றான். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போய், பேரோ உறவோ சொல்லாமல் நம் கதையைச் சொன்னேன். கெப்சூலைக் கொட்டியதைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாள் போட்ட மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் எந்த உடம்பும் அப்படித்தான் துடிக்குமாம். அதற்கும் அந்த ஆளின் குணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம். டொக்டரைக் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் குறைக்க வேண்டும் என்றார்.

ஒரு தாள் எழுதி அனுப்புகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கெப்சூல் வீதம் குறைகிறது. 24ஆம் தேதி திங்கட்கிழமை தொடக்கம். முதலில் கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மட்டும் செய்யுங்கள். இது கட்டளை இல்லை, அக்கா. கெஞ்சல்.

பிரேமினி


கொட்டகலை
04.03.2025

பிரேமினிக்கு,

கிளினிக்குக்குப் போனேன். அத்தானும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். டொக்டர் உன் தாளைப் பார்த்து, "இதை யாரு எழுதினது?" என்று கேட்டார். தங்கச்சி என்றேன். "நல்லா எழுதியிருக்காங்க" என்று சொல்லி அவரும் மருந்துக்குத் துண்டு எழுதினார். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அது புதன்கிழமை வரைக்கும்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை இரண்டுக்குப் பதிலாக ஒன்று போட்டேன். ஞாயிறு முழுக்க ஓய்ந்த உடம்பு திங்கட்கிழமை மலை ஏறும்போது மருந்து போட்டாலே முனகும். அன்றைக்குப் பார்த்து மேல்மலை. பத்து மணி நிறுவைக்குக் கொழுந்தைத் தூக்கி வரும்போது வேர்த்துக் கொட்டுகிறது. லெட்சுமி பார்த்தாள். வெற்றிலைப் பையைத் திறந்து எனக்கு வெற்றிலை மடித்தாள். கூடவே அவளுடைய கெப்சூல் ஒன்றையும் வைத்து நீட்டினாள். "போட்டுக்க வடிவு, நாளைக்கு எனக்கு இல்லாட்டி நீ தருவதானே" என்றாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். வலி மாத்திரை மலையில் வெற்றிலையோடு கை மாறும். நீட்டிய வெற்றிலையை வேண்டாம் என்று சொன்னால் சண்டை என்று அர்த்தம். போட்டுக்கொண்டேன். செவ்வாயும் அப்படி. புதன்கிழமை அவளிடம் இரண்டு வாங்கினேன். அன்றைக்கு எண்ணிப் பார்த்தால், உன் தாளில் ஐந்து, என் வயிற்றுக்குள் ஏழு.

உங்கள் மேடம் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் திங்கட்கிழமை கொழுந்து பறித்ததில்லை. குறைத்த அன்றைக்கே மலை ஏறச் சொல்கிறீர்கள். ஞாயிறாவது பக்கத்தில் இருந்தால் உடம்பு பிழைத்துக்கொள்ளும்.

என்னால் முடியாது. இத்தோடு விட்டுவிடு. உன் மேல் கோபம் குறைந்துதான் இருக்கிறது, என் மேல்தான் இப்போது கோபம்.

வடிவு


பேராதனை
08.03.2025

என் அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரியை, உங்களைக் கேட்காமல், வகுப்பில் வாசித்தேன். பேர் சொல்லவில்லை. "ஞாயிறாவது பக்கத்தில் இருந்தால்" என்ற வரி. மேடம் எழுந்து பாடத்துக்காக நாங்கள் எல்லாரும் எழுதியிருந்த குறைப்புத் தாள்களை வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு தாள். இருபத்தாறிலும் தொடக்கம் திங்கட்கிழமை. கலண்டரில் வாரம் அங்கே தொடங்குகிறது என்பதைத் தவிர எங்களில் ஒருவருக்கும் வேறு காரணம் இல்லை. "நாம யாருமே அவங்க என்ன வேலை செய்றாங்கன்னு கேக்கல" என்றார் மேடம். அவரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரத்தில் இருந்து குறையுங்கள், அக்கா. மிக மோசமான நாள் ஞாயிறுக்குள் போய்விடும். டொக்டரிடம் நானே ஃபோனில் கேட்டேன், சரி என்றார். லெட்சுமி அக்காவின் வெற்றிலைக்கு எனக்கு வழி தெரியவில்லை. அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. இதை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தி, ஆஸ்பத்திரி மருந்து முடிந்த பிறகு, நான் லீவில் வந்திருந்தேன். நீங்கள் வலியில் படுத்திருந்தீர்கள். நான் பஸாருக்குப் போனேன். டொக்டர் துண்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுதான் ரிஸ்வி நானா சொன்னார். "நான் பாமசி படிக்கிறேன் நானா, எனக்குத் தெரியும், ஒண்ணும் ஆகாது" என்று நான்தான் சொன்னேன். அப்போது நான் முதலாம் வருடம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மருந்தின் பேர் மட்டும். வீட்டுக்கு வந்து, "வலிச்சா போட்டுக்கங்க, நல்ல மருந்துதான்" என்று உங்கள் கையில் தந்ததும் நான்தான். நான் தந்ததைத்தான் நான் கானில் கொட்டினேன். உங்களைப் பேசிய பேச்சையெல்லாம் என்னைத்தான் பேசியிருக்க வேண்டும்.

நீங்கள் இனி எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

பிரேமினி


கொட்டகலை
25.03.2025

அடி பைத்தியக்காரி,

எனக்கு அது மறந்துவிட்டது என்றா நினைத்தாய்? பச்சைச் சட்டை போட்டிருந்தாய். மழையில் நனைந்து வந்தாய். வாங்கிவிட்ட பெருமை முகத்தில் தெரிந்தது. நம் வீட்டில் ஒரு மருந்து படிக்கிற பிள்ளை இருக்கிறாள் என்று எனக்கும்தான் பெருமை.

நீ போதைக்காரி என்று கத்தினாயே, அன்றைக்கு நீ வாங்கித் தந்ததை நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வாயை மூடியிருப்பாய். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வினோதா நின்றாள். அம்மாவைப் பற்றிக் கேட்டது போதும், சித்தியைப் பற்றியும் கேட்க வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். நீ தந்தது ஓர் அட்டை. மிச்சத்தை நான்தானே போய்ப் போய் வாங்கினேன்? அதையும் சேர்த்து உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

15ஆம் தேதி சனிக்கிழமை குறைத்தேன். ஞாயிறு முழுக்கப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அத்தான் சோறாக்கினார், அதைத் தின்றதுதான் பெரிய கஷ்டம். திங்கட்கிழமை எழுந்தபோது மலை ஏறுகிற அளவுக்கு உடம்பு இருந்தது.

நிறுவையில் லெட்சுமி வெற்றிலையை நீட்டினாள். வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். கெப்சூலை அவள் கையிலேயே வைத்து மடக்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வெத்தல தா, இது வேணாம். நான் கொறச்சிக்கிட்டு வர்றேன்" என்றேன். கோபிப்பாள் என்று பயந்தேன். கெப்சூலை வெற்றிலைப் பைக்குள் போட்டுவிட்டு, "கொறைக்க முடியுமாடி?" என்று மெதுவாகக் கேட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ரிஸ்வி நானாவும் மாறிவிட்டார். துண்டைப் பார்த்து இரண்டு வாரத்துக்கு உரியதை மட்டும் கத்தரியால் வெட்டித் தருகிறார். உன் கடிதத்தையும் சேர்த்துத் தந்து, "மருந்தும் தங்கச்சியும் ஒண்ணா வந்திருக்காங்க" என்கிறார். கோல் எடு, பேசுகிறேன். ஆனால் கடிதமும் எழுது. ஃபோனில் நீ அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது.

வடிவக்கா


பேராதனை
20.05.2025

அன்புள்ள அக்கா,

மூன்று கெப்சூலிலேயே ஆறு வாரமாக நிற்கிறேனே என்று ஃபோனில் வெட்கப்பட்டீர்கள். கொழுந்து அள்ளிக் கொட்டுகிற நேரத்தில் நிற்பதுதான் புத்தி. டொக்டரும் அதைத்தான் சொன்னார். மேலே ஏறவில்லை, அது போதும். இந்த 24ஆம் தேதி இரண்டுக்கு இறங்கலாம்.

இப்போது ஒரு வேண்டுகோள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்கள் இன்னும் ஒருவரோடு ஒருவர்தான் பேசிப் பழகுகிறோம். மதுரன் நோயாளியாக நடித்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிடுகிறான். உண்மையில் குறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் வந்து எங்கள் முன்னால் உட்கார்ந்தால் நல்லது என்று மேடம் நினைக்கிறார். "அந்த ஞாயிறு அக்கா வருவாங்களா?" என்று கேட்டார். உங்களுக்கு இங்கே அப்படித்தான் பேர். நீங்கள் என் அக்கா என்று யாரிடமும் சொல்லவில்லை. வந்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் யாரோ, நான் யாரோ.

ஜூன் 5, வியாழக்கிழமை. கொட்டகலையில் ரயில் ஏறினால் நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

பிரேமினி


கொட்டகலை
12.06.2025

பிரேமினிக்கு,

நாம் பேசி வைத்தது என்ன, நீ செய்தது என்ன?

வந்தேன், உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். என்னைவிட அவர்கள்தான் பயந்திருந்தார்கள். முதலில் வந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே கேட்டாள். "தாள்ல என்னம்மா இருக்கு, நான் இங்க இருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டாள், பிறகு நன்றாகப் பேசினாள். இன்னொருவன், "ஏன் இவ்வளவு நாள் போட்டீங்க?" என்று போலீஸ் மாதிரி கேட்டான். நான்தான் சொன்னேன், "அப்படிக் கேட்டா நான் பொய்தான் சொல்லுவேன் தம்பி. 'இது இல்லாம ஒரு நாள் எப்படிப் போகும்'னு கேளுங்க, உண்மையச் சொல்லுறேன்." எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னதைக் கெம்பஸ் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள் என்று யாராவது போன வருடம் சொல்லியிருந்தால், அவரைத்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருப்பேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது உன் மதுரன், "ஆஸ்பத்திரி மருந்து முடிஞ்ச பெறகு இத மொதல்ல யாரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டான். நான், "மறந்துபோச்சு தம்பி" என்றேன். அழகாக மறைத்துவிட்டிருந்தேன். நீ கடைசி வரிசையில் எழுந்து நின்று, "நான்தான். அவங்க என் அக்கா" என்கிறாய்!

ஏன் எழுந்தாய்? உன் மேடம், உன் கூட்டாளிகள், நாளைக்கு உனக்கு வேலை தருகிறவர்கள், எல்லாரும் என்ன நினைப்பார்கள்? ரயிலில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. ஹட்டன் வந்ததுகூடத் தெரியவில்லை.

வடிவக்கா


பேராதனை
18.06.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் மறந்துபோச்சு என்று சொன்னதும் மதுரன் தாளில் "ஞாபகம் இல்லை" என்று எழுதப் போனான். நான் எதிர்காலத்தில் ஏதோ ஒரு பாமசியில் நிற்பேன். என் முன்னால் ஒருவர் அதே மாதிரி மறந்துபோச்சு என்பார். நானும் அப்படியே எழுதிக்கொள்வேன். அதை நினைத்ததும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மருந்து படிக்கிற பிள்ளையின் சொல்லை வீடு எவ்வளவு நம்புகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வகுப்பில் மேடம், உங்களில் எத்தனை பேர் வீட்டில் யாருக்காவது இப்படித் துண்டு இல்லாமல் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முதலில் ஒரு கையும் எழவில்லை. பிறகு மதுரன் தூக்கினான். பிறகு ரிஃப்னா. கடைசியில் எண்ணினால் பத்தொன்பது கை. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அடுத்த வருடத்தில் இருந்து இந்தப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குமாம்.

யாரும் என்னைக் கேவலமாக நினைக்கவில்லை, அக்கா. உங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒன்றுக்கு இறங்கிவிட்டீர்களா என்று.

பிரேமினி


கொட்டகலை
20.07.2025

என் தங்கச்சிக்கு,

இறங்கிவிட்டேன். ஒன்றில் இருந்தும் இறங்கிவிட்டேன். 12ஆம் தேதி சனிக்கிழமையில் இருந்து ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஒன்பதாம் நாள். ஃபோனில் சொல்லியிருக்கலாம். எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.

முதுகு வலிக்கிறது. வலிக்காது என்று யாரும் சொல்லவில்லையே. டொக்டர் சொன்ன பயிற்சியை விடியற்காலை செய்கிறேன். பெல்ட் கட்டிக்கொள்கிறேன். இரண்டு நாள் கொழுந்து குறைந்தது, மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. லெட்சுமி போன வாரம் கிளினிக்குக்குப் போய்த் தாள் வாங்கி வந்திருக்கிறாள். அவளும் சனிக்கிழமைதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வீட்டைக் கூட்டும்போது உன் முதல் கடிதம் பெட்டிக்கு அடியில் கிடந்தது. எடுத்து வாசித்தேன். நீ கத்தியது, வினோதா நின்றது, எல்லாம் கண் முன்னால் வந்தது. நீ அந்த வார்த்தையைச் சொன்ன நாளில் எனக்குக் கோபம் வந்ததே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அது மட்டும் இல்லை. போன வருடம் பெரியம்மா செத்தபோதும் வரவில்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எல்லாரும் பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மருந்து முதுகு வலியோடு எல்லாவற்றையும் சேர்த்து மரத்துப்போக வைத்திருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. நேற்றுத்தான் முதல் தடவையாக அந்த வார்த்தை எனக்கு வலித்தது. உட்கார்ந்து அழுதேன். உனக்காக, பெரியம்மாவுக்காக, எனக்காக, வாய் விட்டு அழுதேன். அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. இனி உன் மேல் எனக்கு எதுவும் இல்லை, பிரேமினி. அழுது தீர்ந்துவிட்டது.

அத்தான் வெளியில் இருந்து ஓடி வந்தார். நான் குலுங்குவதைப் பார்த்துப் பயந்து, ஜனவரியில் மருந்து இல்லாமல் வந்த நடுக்கம் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சட்டையை மாட்டியபடி, "ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வரவா வடிவு? ரிஸ்வி நானா கடை தெறந்துதான் இருக்கும்" என்றார்.

"வேணாங்க, உக்காருங்க" என்றேன். "இது அது இல்ல. இது வெறும் அழுகதான்."

உன்
அக்கா